திகில் படமும் வண்டுச் சத்தமும்

சென்ற ஆகஸ்ட் விடுமுறையை நாங்கள் வட்டக்கச்சியில் கழித்தோம். வாப்பாவுக்குக் கிளிநொச்சி நகரில் வேலை. இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் நெல் விளையும் அந்த ஊரில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார். மறுபாதியில் வீட்டுக்கார அம்மாவும் அவருடைய பேரனும் இருந்தார்கள். பேரனைப் போல நானும் அவரை அம்மம்மா என்றே அழைத்தேன்.

அந்தப் பேரனும் நண்பர்களும் சேர்ந்து சனசமூக நிலைய மண்டபத்தில் இரண்டு நாள் குறும்பட விழா ஒன்றை நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் 2015 ஆம் ஆண்டு சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிய பிறகு, நம் பகுதியிலும் படம் எடுக்கவும் கூடியிருந்து பார்க்கவும் ஆசைப்படும் இளைஞர்கள் பலர். இவர்களும் அத்தகையோரே. இரண்டாம் நாள் இரவு திகில் படங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வட மாகாணத்து இளைஞர்கள் எடுத்த ஐந்தும் வெளிநாட்டுப் படங்கள் இரண்டுமாக ஏழு குறும்படங்கள்.

"பேய்ப் படம் பார்த்துவிட்டு ராவைக்கு என்னையும் நித்திரை கொள்ள விடமாட்டாய்" என்று உம்மா முதலில் மறுத்தார். "நானும் கூடப் போறன், நீங்கள் யோசியாதேங்கோ" என்று அம்மம்மா சொன்ன பிறகே அனுமதி கிடைத்தது.

மூன்று நிமிடத்தில் ஒரு பயம்

திகில் படம் பிறந்ததே குறும்படமாகத்தான். பிரான்ஸ் நாட்டின் ஜோர்ஜ் மெலியே 1896 ஆம் ஆண்டு எடுத்த 'பேயின் மாளிகை' ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். வௌவால் ஒன்று மாளிகைக்குள் பறந்து வந்து பேயாக மாறும். உலகின் முதல் திகில் படம் என்று பலராலும் சொல்லப்படுவது இதுவே. அதில் பேச்சும் இல்லை, ஓசையும் இல்லை.

திகிலுக்குக் குறும்படம் பொருத்தமான வடிவம். பயத்தை மூன்று மணி நேரம் ஒரே அளவில் வைத்திருக்க முடியாது. பாட்டு, சண்டை, சிரிப்பு என்று நடுவில் இளைப்பாற வேண்டிவரும். குறும்படத்துக்கு ஒரே ஓர் எண்ணம் போதும். அன்றிரவு காட்டப்பட்ட 'லைட்ஸ் அவுட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுவீடனைச் சேர்ந்த டேவிட் சான்ட்பேர்க் 2013 இல் தமது சொந்த வீட்டில் மனைவியை நடிக்க வைத்து எடுத்த படம் அது. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. படுக்கப்போகும் ஒரு பெண் விளக்கை அணைக்கிறாள். இருட்டில் ஓர் உருவம் நிற்கிறது. விளக்கைப் போடுகிறாள், ஒன்றுமில்லை. மீண்டும் அணைக்கிறாள், உருவம் நிற்கிறது. ஆள் பலமோ பண பலமோ இல்லாமல், ஒரு சுவிட்சை வைத்தே முழு மண்டபத்தையும் அலற வைத்துவிட்டார். இந்தச் சிறு படமே 2016 இல் ஹொலிவூட்டில் முழுநீளப் படமாகியது.

மற்றையது அவுஸ்திரேலியப் பெண் இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் 2005 இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'மொன்ஸ்டர்'. ஒரு தாயையும் மகனையும் வீட்டுக்குள்ளிருக்கும் பூதமொன்று வதைக்கிறது. ஈற்றில் தாய் அதை நேருக்கு நேர் எதிர்கொள்கிறாள். இதிலிருந்தே 2014 இல் 'பபடூக்' என்ற புகழ்பெற்ற படத்தை அவர் உருவாக்கினார். படம் எடுப்பது ஆண்களின் வேலை என்று நினைக்கும் தோழியர் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பயம் எப்படி உண்டாகிறது?

திகில் படத்தில் இரண்டு வகைப் பயங்கள் உண்டு. ஒன்று திடுக்கிடல். அமைதியாக இருக்கும்போது திடீரென்று பெரிய சத்தம் கேட்டால், யோசிப்பதற்கு முன்பே கண் இமை மூடிவிடும், தோள்கள் ஒடுங்கிவிடும். இது பிறவியிலேயே வருவது. பச்சைக் குழந்தைக்கும் உண்டு. மற்றது எதிர்பார்ப்பு. கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நமக்குத் தெரியும், கதவைத் திறக்கப் போகிறவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் நம் நெஞ்சு படபடக்கிறது. நல்ல இயக்குநர்கள் இரண்டாவதையே அதிகம் நம்புவார்கள்.

மூளைக்குள் பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை உணர்த்துவதில் அதற்குப் பெரிய பங்குண்டு. அது எச்சரித்ததும் அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமாகத் துடிக்கும், உள்ளங்கை வியர்க்கும். ஆனாலும் நாம் கதிரையில் இருக்கிறோம், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், இது படம் என்று மனதின் இன்னொரு பகுதி சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அலறிய மறுகணமே சிரிக்கிறோம். பாதுகாப்பு இருக்கும்வரையில்தான் பயம் ஒரு விளையாட்டு.

இதை அன்றிரவு ஆறாவது படத்தின்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

ஆறாவது படம்

அது அம்மம்மாவின் பேரன் எடுத்த படம். ஒரு பெண்பிள்ளை இரவில் கிணற்றடிக்குப் போகிறாள். சுற்றிலும் இருட்டு. எங்கிருந்தோ மெல்லிய இரைச்சலொன்று தொடங்கிக் கூடிக்கொண்டே வந்தது. நான் ஆவலோடு நிமிர்ந்து இருந்தேன். படாரென்று ஒரு சத்தம். அதே கணத்தில் அம்மம்மாவின் கை என் பிடரியில் விழுந்து என்னைக் கதிரைக்குக் கீழே அமுக்கியது. அவரும் குனிந்து என்னை மூடிக்கொண்டார். எங்கள் வரிசையில் வேறு இரண்டு வயதான பெண்களும் தலையைக் கையால் மூடியபடி குனிந்திருந்ததைக் கண்டேன். பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் விசிலடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஐந்து படங்களுக்கும் பேய்களைப் பார்த்துச் சிரித்தவர் அம்மம்மா. வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. படலையைத் திறக்கும்போதுதான் சொன்னார்:

"பேய்க்கு நான் பயப்பிடேல்லைப் பிள்ளை. உந்த இரைச்சல் வண்டு சுத்திற மாதிரிக் கிடந்தது. கை தன்பாட்டில உன்ர தலையில போட்டுது."

வண்டு என்பது யுத்த காலத்தில் ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னி மக்கள் வைத்த பெயர். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல்லோ கிபிரோ வரும் என்று அனுபவத்தில் கற்றிருந்தார்கள். இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார்கள். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானது. அந்த நாட்களில் வட்டக்கச்சி மக்களும் வீடு வாசலை விட்டுக் கிழக்கு நோக்கி ஓடினார்கள். ஒரு சத்தமும் ஓர் ஆபத்தும் அடுத்தடுத்துப் பலமுறை வந்தால், பிறகு சத்தம் மட்டும் வந்தாலே உடம்பு ஆபத்துக்குத் தயாராகிவிடும். அது மறதியால் முற்றாக அழிவதில்லை. அம்மம்மாவின் அறிவுக்கு அது படம் என்று தெரியும், கைக்குத் தெரியவில்லை.

பேரன் 2009 இற்குப் பின் பிறந்தவன். என்னைப் போல. அந்தச் சத்தத்தை இணையத்தில் எடுத்ததாகவும், பயம் தரும் ஓசை என்று மட்டுமே அதில் போட்டிருந்ததாகவும் சொன்னான். "எனக்குத் தெரியாது அம்மம்மா" என்று தலையைக் குனிந்தான்.

"உனக்கெப்பிடித் தெரியும்? நாங்கள் உங்களுக்குச் சொல்லேல்லையே" என்றார் அவர். அன்றிரவு வெகுநேரம் விறாந்தையில் இருந்து சொன்னார். எந்த மரத்தடியில் பங்கர் வெட்டினார்கள், ஓடும்போது எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்றெல்லாம். பேரன் அதற்கு முன் அவற்றைக் கேட்டதே இல்லையாம். உம்மாவும் வந்து இருந்தார். பேய்ப் படத்துக்குப் போனால் நித்திரை வராது என்ற உம்மாவின் சொல் பலித்தது, வேறு காரணத்துக்காக.

யாருக்குக் காட்டுகிறோம்?

அப்படியென்றால் யுத்தத்தையும் திகிலையும் ஒன்றாகக் காட்டவே கூடாதா? அப்படியில்லை. ஈரானில் பிறந்த பாபக் அன்வாரி 2016 இல் எடுத்த 'அண்டர் த ஷடோ' என்ற படத்தில், ஈரான் - ஈராக் யுத்த காலத்துத் தெஹ்ரானில் ஒரு தாயும் மகளும் ஏவுகணைக்கும் ஜின்னுக்கும் நடுவே அகப்படுகிறார்கள். அங்கே யுத்தத்தின் ஓசைக்குக் கதையில் இடமுண்டு. பார்ப்பவருக்கும் அது முன்கூட்டியே தெரியும். எங்கள் கிணற்றடிப் படத்தில் அதற்கு இடமில்லை. திடுக்கிட வைக்க மட்டுமே அது வந்தது.

ஆகவே படம் எடுக்க விரும்பும் தோழியருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் படத்தின் ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஊரில் காட்டுவதானால் வெடிச் சத்தம், விமான இரைச்சல் வருமென்று வாசலிலேயே அறிவியுங்கள். விருப்பமில்லாதவர் எழுந்து போக வழி விடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை திகில் படம் பார்க்கக் கேட்டால், இயலுமானால் கூடப்போய்ப் பாருங்கள். எதற்குப் பயந்தோம் என்று பிறகு பேசுங்கள்.

நாங்கள் ஊர் திரும்புமுன் பேரன் படத்தைத் திருத்திவிட்டான். இரைச்சலையும் வெடியையும் எடுத்துவிட்டு, வீட்டுக் கிணற்றுக் கப்பி இரவில் தனியே கிறீச்சிடும் ஓசையைப் பதிந்து சேர்த்திருந்தான். மடிக்கணினியில் அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு, "இனி இருட்டினாப் பிறகு நான் கிணத்தடிக்குப் போகமாட்டன், நீதான் தண்ணி அள்ளித் தரவேணும்" என்று சொல்லிச் சிரித்தார்.