வியர்த்தால் தினமும் தலைக்குக் குளிக்கணுமா? நீளக் கூந்தலோடு உடற்பயிற்சி... சில எளிய வழிகள்!

போன வருடம் ஆடி மாதம் என் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1. "இன்னும் சர்க்கரை நோய் இல்லம்மா. ஆனா வாசல்ல நிக்கிறீங்க. 5.7-க்குக் கீழே கொண்டு வரணும். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க" என்றார் டாக்டர்.

மறுநாளே ஷூ வாங்கினேன். மூன்று வாரம் ஒழுங்காக நடந்தேன். நான்காவது வாரம் நின்றுபோனது. அடுத்த முறை டாக்டர் காரணம் கேட்டபோது, "நேரமே கிடைக்கல சார்" என்று சொல்லி வைத்தேன். அது பொய். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. காரணம், என் தலைமுடி.

எனக்கு இடுப்பைத் தாண்டிய முடி. காலை ஐந்தரைக்கு நடந்துவிட்டு வந்தால் பின்னங்கழுத்திலிருந்து உச்சி வரை வேர்வையில் ஊறியிருக்கும். அப்படியே ஆபீஸுக்குப் போக மனசு வராது. தலைக்குக் குளித்தால் காய்வதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க ஈரத்தோடு பின்னிக்கொண்டு ஓடினால், மதியத்துக்குள் தலையில் ஒரு வாடை. சாயங்காலம் தலைவலி. ராத்திரி சீப்பில் கொத்தாக முடி.

"தினம் தலைக்கு ஊத்துனா முடி கொட்டாம என்ன செய்யும்? பேசாம வாக்கிங்கை விடு" என்றார் மாமியார். "பேசாம முடியை வெட்டும்மா" என்றாள் மகள். இரண்டுக்கும் மனசு வரவில்லை. சர்க்கரை மட்டும் அதே இடத்தில் நின்றது.

வழி சொன்னது என் அம்மா. "நான் இருபது வருஷம் நாத்து நட்டவ. உன்னைவிட எனக்கு முடி ஜாஸ்தி. வெயில்ல குனிஞ்சு நிமிர்ந்து நாள் பூரா வேர்வைதான். தினமுமா தலைக்குக் குளிச்சோம்? செவ்வாய், வெள்ளிதான். கொண்டையை இறுக்காம போட்டு மேல துண்டைக் கட்டிக்குவோம். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து உதறி ஆத்திடுவோம். அவ்ளோதான்டி!"

அம்மா சொன்னதில் எல்லாமே இருந்தது. அதை இன்றைய வாக்கிங்குக்கும் ஜிம்முக்கும் எப்படிப் பொருத்துவது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். என்னைப் போல் வெளியே சொல்லாமல் ஷூவை மூலையில் போட்டு வைத்திருக்கும் தோழிகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு மட்டுமா இந்தப் பிரச்னை?

இல்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பலரும், வேர்வையில் தலை அலங்காரம் கலைந்துவிடும் என்பதற்காகவே உடற்பயிற்சியைத் தவிர்க்கிறார்கள். அந்நாட்டு அரசின் உயர்ந்த பொதுச் சுகாதாரப் பதவியான சர்ஜன் ஜெனரல் பொறுப்பில் இருந்த டாக்டர் ரெஜினா பெஞ்சமின், 2011-ல் அட்லாண்டா நகரில் நடந்த ஒரு கூந்தல் அலங்காரக் கண்காட்சிக்கே நேரில் போய் இதைப் பேசினார். 'முடிக்காக உடம்பை விட்டுவிடாதீர்கள்' என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சிலர் கிண்டல் செய்தார்கள். ஆனால், முடி என்பது அற்பக் காரணம் அல்ல, பெண்களின் உடல்நலத்தைத் தடுக்கும் நிஜமான காரணம் என்று பலருக்கும் புரிந்தது.

அதனால், 'இதைப் போய் ஒரு காரணம்னு சொல்றதா' என்று வெட்கப்பட வேண்டாம். காரணம் எதுவென்று தெரிந்தால்தான் தீர்வு தேட முடியும்.

தினமும் ஷாம்பு தேவையில்லை

வேர்வையில் பெரும்பங்கு தண்ணீர். கொஞ்சம் உப்பு. வேர்வை பட்டதாலேயே முடி கொட்டிவிடாது. வேர்வையும் எண்ணெய்ப்பசையும் தூசியும் சேர்ந்து தலைச்சருமத்தில் நாள்கணக்கில் தங்கும்போதுதான் அரிப்பு வருகிறது. பொடுகு உள்ளவர்களுக்கு அது அதிகமாகிறது. ஆக, அன்றன்றைக்குத் தேவைப்படுவது வேர்வையை உலரவைப்பது. ஷாம்பு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும். மிகவும் எண்ணெய்ப்பசையுள்ள தலை என்றால் இன்னும் ஒரு முறை கூட்டிக்கொள்ளலாம்.

வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள்கள் தசைகளை வலுவாக்கும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஐந்து நாள்கள் தலா அரை மணி நேரம் நடை. இரண்டு நாள்கள் எடை தூக்குவதோ, தண்டால், ஸ்குவாட் போன்றவையோ.

இங்கேதான் அம்மாவின் செவ்வாய், வெள்ளிக் கணக்கு கைகொடுத்தது. அதிகம் வியர்க்கும் பயிற்சியை அந்த இரண்டு நாள்களுக்கு வைத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்ததும் லேசாக எண்ணெய் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவைத்துத் தலைக்குக் குளியல். அன்றைக்கு மட்டும் அரை மணி முன்னதாக எழுந்துவிடுவேன். மற்ற நாள்களில் நடை மட்டும். தலைக்குத் தண்ணீர் கிடையாது. செவ்வாய், வெள்ளி ஒத்துவராதவர்கள் புதனையும் ஞாயிறையும் எடுத்துக்கொள்ளலாம். அதிகம் வியர்க்கும் நாளும் தலைக்குக் குளிக்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயம்... எண்ணெய் வழிய வழியத் தலைவாரிக்கொண்டு பயிற்சிக்குப் போகாதீர்கள். வேர்வையோடு எண்ணெய் இறங்கிக் கண் எரியும். நெற்றியில் பருக்கள் வரும். தூசியும் ஒட்டும்.

எந்தப் பயிற்சிக்கு எந்தச் சடை?

வாக்கிங்: இடுப்பு வரை தொங்கும் ஒற்றைச் சடை, நடக்க நடக்க முதுகில் அடித்துக்கொண்டே இருக்கும். நுனி வேர்வையில் நனையும். தளர்வாகப் பின்னி, பாதியாக மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். கழுத்தில் காற்று படும்படி இருந்தால் வேர்வை சீக்கிரம் காயும்.

ஓட்டம், ஜூம்பா, ஸ்கிப்பிங்: முடியை அப்படியே சுருட்டி ஒரே ரப்பர் பேண்டில் கொண்டை போட்டால் ஐந்து நிமிடத்தில் சரிந்துவிடும். அதன் மொத்த பாரமும் ஒரே இடத்து வேர்க்கால்களை இழுக்கும். முதலில் பின்னுங்கள். பிறகு சடையைச் சுற்றி, நாலு பக்கமும் கொண்டை ஊசி செருகுங்கள். பரதநாட்டியக் கலைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சடை பறக்காது. சடையை ஒட்டியாணத்துக்குள் அடக்கிவிடுவார்கள். ஆடும் உடம்போடு சடையும் சேர்ந்து நகர வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

யோகா, தரைப் பயிற்சிகள்: பின்மண்டையில் கொண்டையோ, கிளிப்போ இருந்தால் மல்லாந்து படுக்கும்போது தலை தூக்கிக்கொண்டு நிற்கும், கழுத்து வலிக்கும். இதற்குச் சரியான அலங்காரத்தை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறோம். ரெட்டைச் சடை! பாரம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும், படுத்தால் உறுத்தாது. மடித்துக் கட்டிவிட்டால் குனியும்போது முகத்தில் விழாது. 'இந்த வயசுல ரெட்டைச் சடையா' என்று முதல் நாள் எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. மொட்டை மாடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஜிம்: இங்கே அழகைவிடப் பாதுகாப்புதான் முக்கியம். டிரெட்மில், சைக்கிள், கயிறும் கப்பியும் உள்ள மெஷின்கள் எல்லாவற்றிலும் நகரும் பாகங்கள் உண்டு. தொங்கும் சடையும் துப்பட்டாவும் அவற்றில் சிக்கினால் ஆபத்து. தோளில் எடைக்கம்பியை வைக்கும்போது முடி அதன் அடியில் மாட்டிக்கொள்ளும். பெஞ்சில் படுக்கும்போது சடை முதுகுக்கு அடியில் சிக்கினால், எழும்போது தலையை வெடுக்கென்று இழுக்கும். எனவே, ஜிம்முக்குள் நுழைந்ததும் சடையை முழுசாக மேலே கட்டிவிடுங்கள்.

நீச்சல்: குளத்தில் இறங்கும் முன் ஷவரில் நின்று முடியைச் சாதாரணத் தண்ணீரில் நன்றாக நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி, குளோரின் கலந்த தண்ணீரைக் குறைவாகத்தான் உறிஞ்சும். நுனியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். தாழ்வாகப் பின்னிச் சுற்றி, மேலே தொப்பி போடுங்கள். வெளியே வந்ததும் உடனே அலசுங்கள். சாதாரணத் தொப்பிக்குள் முடி அடங்காதவர்களுக்காகப் பெரிய அளவுத் தொப்பிகளும் வந்துவிட்டன. அடர்ந்த முடிக்கென்றே தயாரான 'சோல் கேப்' என்ற தொப்பியை டோக்கியோ ஒலிம்பிக்கில் பயன்படுத்த, 2021-ல் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு அனுமதிக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் போட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது.

இறுக்கினால் நெற்றி ஏறும்

'அவிழவே கூடாது' என்று இழுத்துக் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. தினமும் ஒரே இடத்தில் இறுக்கமாக இழுபட்டால், முன்நெற்றியிலும் காதோரத்திலும் முடி மெலிந்து உதிர ஆரம்பிக்கும். இதை 'ட்ராக்‌ஷன் அலோபீசியா' என்கிறார்கள் சரும மருத்துவர்கள். ஆரம்பத்திலேயே இறுக்கத்தைத் தளர்த்தினால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் வேர்க்கால்களே அழிந்து, வழுக்கை நிரந்தரமாகிவிடலாம்.

கட்டியவுடன் புருவம் மேலே தூக்குகிறதா, வேர்க்கால் வலிக்கிறதா, அவிழ்த்ததும் 'அப்பாடா' என்று இருக்கிறதா? அப்படியென்றால் இறுக்கம் அதிகம். வகிட்டையும் கட்டும் இடத்தையும் நாளுக்கு நாள் மாற்றுங்கள். மளிகைப் பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். அது முடியை அறுத்துவிடும். துணி சுற்றிய பேண்டோ, ஸ்க்ரஞ்சியோ, பழைய ரிப்பனோ போதும். முன்னால் பறக்கும் குட்டி முடிகளை அடக்க, பருத்தி ஹேர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம். நெற்றி வேர்வையையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

பயிற்சி முடிந்த பத்து நிமிடங்கள்

நான் தவறவிட்டது இதைத்தான். வீட்டுக்கு வந்ததும் முடியை அப்படியே கட்டி வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவேன். இப்போது வந்த உடனே சடையை அவிழ்த்துவிடுகிறேன். விரல்களால் வேர்ப்பகுதியைப் பிரித்துவிட்டு, ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பத்து நிமிடம் காய்கறி நறுக்குவேன். பழைய பருத்தித் துண்டால் பின்னங்கழுத்தையும் காதோரத்தையும் ஒற்றி எடுப்பேன். வேர்வை காய்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பேன். உடம்புக்கு மட்டும் குளித்துவிட்டுப் பின்னிக்கொண்டால் எட்டேகால் பஸ்ஸுக்குச் சரியாக இருக்கிறது.

தலைக்குக் குளிக்கும் நாளில், ஷாம்புவைத் தலைச்சருமத்துக்கு மட்டும் போடுங்கள். நுனிக்கு, வழிந்து வரும் நுரையே போதும். துண்டால் தேய்த்துத் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். ஈர முடி பலவீனமானது, இழுத்தால் சட்டென்று அறுந்துவிடும். ஈரத்தோடு பின்னவும் கூடாது. ஹேர் டிரையர் பயன்படுத்துவதாக இருந்தால், மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டுங்கள்.

'எக்சர்சைஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து முடி கொட்டுது!'

இப்படிச் சொல்லிப் பயிற்சியை நிறுத்துபவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. நீள முடி என்பதால் நமக்கு அது பெரிய உருண்டையாகத் தெரியும். அதற்கும் மேல் கொட்டினால், பயிற்சியைக் குற்றம் சொல்லும் முன் தட்டைப் பாருங்கள். வெயிட் குறைய வேண்டும் என்று சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால், இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும். தைராய்டு கோளாறும் காரணமாக இருக்கலாம். ரத்தசோகையும் அப்படித்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. முட்டை, பருப்பு, சுண்டல், கீரை தினமும் தட்டில் இருக்கட்டும். அப்படியும் நிற்காவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் புண் வந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சிரமமாக இருந்தால் முடியைக் குறைத்துக்கொள்வதிலும் தவறில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் பொருள்தானே? ஆனால், அது உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும். யாரோ சொன்னதற்காக வெட்ட வேண்டாம், யாரோ சொன்னதற்காக வாக்கிங்கை நிறுத்தவும் வேண்டாம்.

ஐப்பசியில் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். மழை நாள்களில் மொட்டை மாடிக்குப் பதில் ஹாலிலேயே நடை. சித்திரையில் பரிசோதனை செய்தபோது சர்க்கரை 5.8. "இன்னும் கொஞ்சம்தான், விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். இந்த முறை அவரிடம் முடி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "நிறைய பேர் இதைச் சொல்றதே இல்லம்மா. என் வீட்டம்மாகிட்டேயும் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.