புழல் ஏரியைப் பார்க்க முழுப் படம் எதற்கு?

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டு வெளியாகின்றன. சென்னை விழும் சதுரத்தின் குறியீடு 44பிஎம்வி. பக்கத்துக்குச் சுமார் 110 கிலோமீட்டர். 10 மீட்டர் துல்லியமுள்ள ஓர் அலைவரிசையில் மட்டும் 10,980 வரிசைகள், வரிசைக்கு 10,980 எண்கள், புள்ளிக்கு ஒன்று. மொத்தம் 12 கோடிக்கு மேல். சுருக்காமல் வைத்தால் சுமார் 240 மெகாபைட். புழல் ஏரியில் தண்ணீர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க நினைக்கும் மாணவிக்கு இதில் அரை சதவீதம்கூடத் தேவையில்லை. ஆனாலும் வெகுகாலம் முழுக்கோப்பையும் இறக்கியே ஆகவேண்டியிருந்தது.

இதை மாற்றியது கோப்பின் உள்ளமைப்பு. 1986இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட டிஃப் வடிவத்துக்குப் படம் தெரியும், இடம் தெரியாது. 1990களில் வந்த ஜியோடிஃப் அதில் சில குறிப்புகளைச் சேர்த்தது. நம் சதுரத்தின் மேல் இடது மூலை கிழக்கில் 3,99,960 மீட்டர், வடக்கில் 15,00,000 மீட்டர், மண்டலம் 44, புள்ளியின் அளவு 10 மீட்டர். இவ்வளவு இருந்தால் போதும், 12 கோடிப் புள்ளிகளில் எது எங்கே என்பது வெறும் கூட்டல் கழித்தல்தான்.

அடுத்து வந்தது கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப். இதில் எண்கள் வரிசையாக அல்லாமல் சிறு கட்டங்களாக அடுக்கப்படுகின்றன. கட்டம் 512க்கு 512 என்றால் நம் சதுரத்தில் 484 கட்டங்கள். எந்தக் கட்டம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற பட்டியல் கோப்பின் முகப்பிலேயே இருக்கும். மென்பொருள் முதலில் அதைப் படித்துவிட்டு, ஏரி விழும் சில கட்டங்களை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். 2008இல் அமெரிக்கா தன் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை இலவசமாக்கியதற்கு நிகரான திறப்பு இது என்பேன். இலவசமாகத் தந்தாலும், இறக்க வழியில்லாதவருக்கு அது எட்டாப் பொருள்தானே!

கேட்டு வாங்கும் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஜிடிஏஎல் என்ற திறமூல மென்பொருள். 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் எழுதத் தொடங்கியது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் படம் திறப்பவர் அறியாமலேயே இதைத்தான் பயன்படுத்துகிறார்.

எல்லாவற்றுக்கும் ஜியோடிஃப் ஒத்துவராது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் ரேடார் செயற்கைக்கோளின் தரவு எச்டிஎஃப்5 வடிவில் வருகிறது. ரேடார் அலையின் வீச்சு, அலைக்கட்டம் (phase), செயற்கைக்கோளின் பாதை எல்லாம் ஒரே கோப்புக்குள் தனித்தனிக் குழுக்களாக இருக்க வேண்டுமே.

எந்த வடிவமானாலும் கூடவே வரும் விவரக்குறிப்பைப் படிக்காமல் எண்ணைத் தொடக்கூடாது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 எண்களோடு 1,000 கூட்டித் தரப்படுகிறது. அதைக் கழிக்காமல் 2021ஆம் ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டால், ஏரி அப்படியே இருந்தும் தண்ணீர் சட்டென்று வெளிறியதாகக் கணக்கு காட்டும்.