மூட்டை மூட்டையா வாங்கி வைக்கணுமா?

2022 இலங்கையைப் பாருங்க. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அரசு அறிவிச்சது. செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதுக்கு முந்தின வருஷம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு அப்போ கிட்டத்தட்ட 1,950 ரூபாய்! கையில பணம் இருந்தவங்களும் கேஸுக்கு வரிசையில நின்னாங்க.

அதனால கொஞ்சம் ஸ்டாக் நல்லதுதான். வழக்கமா சாப்பிடுற அரிசி, பருப்பு, எண்ணெய், தினசரி மாத்திரை, ஒரு மாசத்துக்குக் கூடுதலா போதும். பழசை முதல்ல எடுங்க, இல்லேன்னா வண்டுதான் சாப்பிடும்.

ஆனா கிரெடிட் கார்டைத் தேய்ச்சு, பாக்கி வச்சு வாங்காதீங்க. வட்டி, விலையேற்றத்தை முழுங்கிடும். எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. வேலை போச்சுன்னா, வாடகையை அரிசி மூட்டையில கட்ட முடியாது!