அதிபருக்குத்தான் ஓட்டு... ஆனால், பக்கத்தில் நிற்பவரையும் பார்க்க வேண்டுமா?

1945 ஏப்ரல் 12. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் திடீரென இறந்துபோனார். அன்று மாலையே துணை அதிபர் ஹாரி ட்ரூமன் அதிபராகப் பதவியேற்றார். அவர் துணை அதிபராகி 82 நாள்கள்தான் ஆகியிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம்கூட அதுவரை அவருக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த நான்கு மாதங்களுக்குள் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அப்போது அதிபர் நாற்காலியில் இருந்தவர் ட்ரூமன்!

1944 தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் ட்ரூமனை யோசித்துப் பார்த்திருப்பார்கள்?

அமெரிக்காவில் அதிபருக்கும் துணை அதிபருக்கும் சேர்த்து ஒரே ஓட்டுதான். ஒருவரைப் பிடித்து, இன்னொருவரைப் பிடிக்காவிட்டாலும் பிரித்துப் போட முடியாது. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கேள்வி வருகிறது: துணை அதிபர் வேட்பாளரைப் பார்த்து ஓட்டை முடிவு செய்யலாமா?

வேலை குறைவுதான்!

அரசியல் சட்டப்படி துணை அதிபருக்கு அன்றாட வேலை குறைவு. செனட் சபைக்குத் தலைவர். அங்கே ஓட்டுகள் சமமாகிவிட்டால் மட்டும் தன் ஓட்டைப் போடலாம். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி.கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ், இப்படி 33 முறை ஓட்டுப் போட்டுச் சாதனை படைத்தார். மற்றபடி என்ன வேலை கொடுப்பது என்பது அதிபரின் விருப்பம்.

ஓட்டை இழுத்து வருவாரா?

'இவரைப் போட்டால் அந்த மாநிலம் நமக்கு' என்று கட்சிகள் கணக்குப் போடுவது வழக்கம். 1960-ல் கென்னடி, டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸ் கிடைத்தது. 1988-ல் ஜனநாயகக் கட்சி அதே டெக்சாஸின் லாய்ட் பென்ட்சனை நிறுத்தியது. எதிரணியின் டான் குவேலை விவாத மேடையில் அவர் மடக்கியது இன்றும் பேசப்படுகிறது. ஆனால், டெக்சாஸும் போனது, தேர்தலும் போனது. 2012-ல் மிட் ராம்னிக்கும் இதே கதைதான். விஸ்கான்சினின் பால் ரயனைச் சேர்த்தும் விஸ்கான்சின் கைகொடுக்கவில்லை.

ஆக, துணை வேட்பாளரின் சொந்த ஊர், மேடைப் பேச்சு இவற்றுக்காக ஓட்டை மாற்றிக்கொள்வதில் பெரிய அர்த்தமில்லை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

இதுவரை அமெரிக்க அதிபராக இருந்த 45 பேரில் 9 பேர், பதவிக்காலத்தின் நடுவே துணை அதிபராக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். எட்டுப் பேர் அதிபரின் மரணத்தால். ஜெரால்டு ஃபோர்டு மட்டும் 1974-ல் நிக்ஸன் ராஜினாமா செய்ததால். ஐந்தில் ஒருவர் என்பது சின்னக் கணக்கல்ல!

இந்தியாவில் நிலைமை வேறு. 1977-ல் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது இறந்தபோது, துணைக் குடியரசுத் தலைவர் பி.டி.ஜாட்டி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஆறு மாதத்துக்குள் புதியவர் வந்துவிட்டார். அமெரிக்காவில் அப்படி இடைத்தேர்தல் கிடையாது. மீதமுள்ள காலம் முழுக்க அவரேதான் அதிபர். ட்ரூமனுக்குக் கிடைத்தது மூன்றே முக்கால் வருடம்.

இன்னொன்று, அந்தத் தேர்வே அதிபர் வேட்பாளரின் முதல் பெரிய முடிவு. 1972-ல் ஜார்ஜ் மெக்கவர்ன், தாமஸ் ஈகிள்டனை அவசரமாகத் தேர்ந்தெடுத்தார். மன அழுத்தத்துக்கு ஈகிள்டன் சிகிச்சை பெற்றிருந்த செய்தி பிறகுதான் வெளிவந்தது. முதலில் அவருக்கு முழு ஆதரவு என்று சொன்ன மெக்கவர்ன், 18 நாளில் ஆளை மாற்றினார். தேர்தலில் 49 மாநிலங்களைத் தோற்றார். சிகிச்சை பெற்றது குற்றமல்ல. விசாரிக்காமல் சேர்த்ததும், சொன்ன சொல்லில் நிற்காததும்தான் மக்களை யோசிக்க வைத்திருக்க வேண்டியவை.

துணை அதிபரை, அதிபர் நினைத்தாலும் பதவி நீக்கம் செய்ய முடியாது. 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவை ஏற்கக் கூடாது என்று ட்ரம்ப் நெருக்கியபோதும் மைக் பென்ஸ் மறுத்து நின்றார். தலையாட்டாதவரா என்பதும் பார்க்க வேண்டிய தகுதியே.

அதிபர் வேட்பாளரின் கொள்கைக்குத்தான் முதல் இடம். இருவருமே வேண்டாம் என்னும் அளவுக்கு வித்தியாசம் இருந்தால், துணைக்காக மட்டும் கட்சி மாறத் தேவையில்லை. ஆனால், போட்டி நெருக்கமாக இருந்தால், வேட்பாளருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தால், ஓட்டுப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: 'நாளைக்குக் காலையிலேயே இவர் அதிபரானால், நாடு நிம்மதியாக இருக்குமா?'