முதுமையும் குதிரைச் சேணமும்

"வயது அறுபதைக் கடந்துவிட்டது, இனி நமக்கென்ன வேலை? ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்போம்" என்னும் சொல் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. பெரியவர்கள் சலிப்பினால் இதைச் சொல்கின்றனர். பிள்ளைகளோ அன்பின் மிகுதியால் அதையே வழிமொழிகின்றனர். இச்சொல் எவ்வளவு தூரம் உண்மை? குதிரையேற்றத்தில் முதுமை வரை நிலைத்து நின்ற சிலரது வாழ்வைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

ஜப்பான் நாட்டைச் சேர்ந்த ஹிரோஷி ஹோகெட்சு 1941-ஆம் ஆண்டு பிறந்தவர். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் விழாவில், தடைகளைத் தாண்டிச் செல்லும் குதிரையேற்றப் போட்டியில் பங்கேற்றார். பின்னர் மருத்துவத் துறை நிறுவனமொன்றில் உயர்பதவி வகித்த காலத்திலும் குதிரையை அவர் கைவிடவில்லை. கண்பார்வை குறைந்தபோது, தடை தாண்டுவதை விட்டுவிட்டு, குதிரையைச் சீரான நடையில் நுணுக்கமாக இயக்கிக் காட்டும் 'டிரெசாஜ்' என்னும் பிரிவுக்கு மாறினார். ஓய்வு பெற்றபின் ஜெர்மனியில் பேரரசர் சார்லமேனின் கல்லறையைக் கொண்ட பேராலயம் விளங்கும் ஆக்கன் நகரில் தங்கிப் பயிற்சி பெற்றார். 44 ஆண்டுகள் கழித்து, 2008-இல் தமது 67-ஆம் வயதில் மீண்டும் ஒலிம்பிக் களத்தில் இறங்கினார். 2012-இல் இலண்டன் விழாவில் பங்கேற்றபோது அவருக்கு வயது 71. அவ்விழாவின் வீரர் அனைவரிலும் மூத்தவர் அவரே.

இவர் ஒருவர் மட்டுமல்லர். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் லோர்னா ஜான்ஸ்டன் என்னும் மாது 70 வயதில் போட்டியிட்டார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ விழாவில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ஹாய் 62 வயதில் இரு பதக்கங்களை வென்றார்.

உட்கார்ந்திருப்பதும் உழைப்பே

ஓடுவது குதிரை, மேலே அமர்ந்திருப்பவருக்கு என்ன உழைப்பு என்று கேட்கலாம். குதிரை நடக்கும்போது அமர்ந்திருப்பவரின் இடுப்பு மேலும் கீழும், முன்னும் பின்னும், இருபுறமுமாக அசைகின்றது. மனிதர் தம் கால்களால் நடக்கும்போது இடுப்பு எவ்வாறு அசையுமோ, ஏறக்குறைய அவ்வாறே. அவ்வசைவுக்கு ஈடுகொடுத்து நிமிர்ந்திருக்க வயிறு, முதுகு, இடுப்பு, உள்தொடை ஆகியவற்றின் தசைகள் இடைவிடாது உழைக்க வேண்டும். இதனால்தான் நரம்பு, தசைக் குறைபாடுடையோர்க்குக் குதிரைநடையையே சிகிச்சையாகத் தரும் முறையும் பல நாடுகளில் உள்ளது.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் அம்மையார் 1944-இல் கருவுற்றிருந்த வேளையில் இளம்பிள்ளை வாதத்தினால் தாக்குண்டார். முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. எனினும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். உடலில் இழந்ததை எண்ணி ஏங்காமல், எஞ்சியிருந்ததைப் பயிற்றியதன் பயன் அது.

வயது எடுத்துக்கொள்வது எது?

முப்பது வயதுக்குப் பின்னர் தசைகள் சிறிது சிறிதாகக் குறைகின்றன. அறுபதுக்குப் பின்னர் அக்குறைவு விரைவு பெறுகின்றது. எலும்பு மெலிகின்றது. நிலை தடுமாறினால் சட்டென்று சமாளிக்கும் ஆற்றலும் தளர்கின்றது. வளர்ந்த குதிரையின் முதுகு தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். அவ்வுயரத்திலிருந்து விழும் இளைஞன் தூசியைத் தட்டிக்கொண்டு எழக்கூடும். மெலிந்த எலும்புடைய மூதாட்டியின் இடுப்போ முறியக்கூடும். எனவே சேணத்தில் ஏறுமுன் தரையிலேயே உடலைப் பண்படுத்துதல் இன்றியமையாதது.

முதியோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளேனும் நிலைதடுமாறாமைக்கான பயிற்சியும் செய்தல் நன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விரைந்த நடை போதும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்வது தொடைக்கு வலுவூட்டும். சுவரருகே ஒற்றைக் காலில் நிற்பது நிலைதடுமாறாமையை வளர்க்கும். கைப்பிடியைப் பற்றியவாறு படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லத் தாழ்த்துவது, அங்கவடியில் கால் வைப்போர்க்கு வேண்டிய நெகிழ்வைத் தரும். உணவில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரதச் சத்துள்ளவை இடம்பெற வேண்டும்.

மருத்துவரைக் கலந்து கொள்வதும் கடமை. எலும்பு மெலிவு உடையோரும், இடுப்பு மூட்டு அறுவை செய்துகொண்டோரும், குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் அவரது அனுமதியின்றி ஏறலாகாது. அம்மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் படும் சிறு அடியும் உள்ளே குருதிக் கசிவை விளைவிக்கலாம்.

துணிவும் விவேகமும்

இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் 2020-இல் தமது 94-ஆம் வயதில் மட்டக்குதிரைமீது அமர்ந்து செல்லும் படங்கள் வெளிவந்தன. உலகமே வியந்தது. ஆயினும் தலைக்கவசமின்றித் துணி மட்டும் கட்டியிருந்ததை நாம் பின்பற்றலாகாது. தலைக்கவசம் அணிதல், சாதுவான குதிரையைத் தெரிதல், துணையின்றித் தனியே செல்லாதிருத்தல் ஆகியவை முதியோர்க்கு அரண்கள். தரையிலிருந்து தாவி ஏறாமல் படிமேடையில் நின்று ஏறுவதில் இழிவு ஏதுமில்லை. அது ஏறுபவரின் மூட்டுக்கும் குதிரையின் முதுகுக்கும் நலம் பயக்கும். ஏறுபவர், சேணம் இரண்டின் எடையும் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது பொதுவான அளவுகோல். வாயில்லா உயிருக்கு நாம் செய்யும் நீதி அது.

நம் வாசகர்களுள் குதிரை வைத்திருப்போர் அரியர். ஆனால் பேருந்துப் படியில் ஏறவும், திருப்பலியில் முழந்தாளிட்டு எழவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும் வேண்டுவது இதே வலிமையன்றோ? இதனை இழந்த முதியவர் முதலில் கோவிலுக்குச் செல்வதை விடுகின்றார். பிறகு உறவினரைக் காண்பதை விடுகின்றார். இறுதியில் தம் அறையே உலகமாகி விடுகின்றது. "பேசாமல் உட்காருங்கள், அம்மா" என்று அன்போடு தடுக்கும் பிள்ளைகள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. படிக்கட்டிற்கு ஒரு கைப்பிடி அமைத்துக் கொடுப்பதும், மாலையில் உடன் நடப்பதும் அதனினும் மேலான அன்பு.

நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்குப் போதித்தார். ஆலயம் பழமையடைந்தால் நாம் அதைப் பூட்டிவிடுவதில்லை. பழுது பார்த்துப் பாதுகாக்கின்றோம். பார்வை குறைந்தபோது ஹோகெட்சு குதிரையைத் துறக்கவில்லை. குறைபாட்டை மறுத்துத் தடைகளைத் தாண்டவும் துணியவில்லை. தம்மால் இயன்றதை அறிந்து, அதனைச் செவ்வனே செய்தார். இறைவன் அருளிய வயதை நன்றியோடு ஏற்றுக்கொள்வது இவ்வாறே. இன்று மாலையே வீட்டிலுள்ள பெரியவர்களோடு பத்து நிமிடம் நடந்து, நாமும் அதனைத் தொடங்குவோம்.