இரவல் ஸர்டிபிகேட்

குடையை இரவல் கொடுத்தால் குடை போகும்; புத்தகத்தை இரவல் கொடுத்தால் புத்தகம் போகும். தொழில் செய்வதற்கென்று பெற்ற ஸர்டிபிகேட்டை இரவல் கொடுத்தாலோ, தொழிலே போய்விடக்கூடும்.

பார்மஸிப் பரீட்சையில் தேறிய வாலிபர்களிடம் மருந்துக் கடை முதலாளிகள் சிலர் வருகிறார்கள். "தம்பி, கடைக்கு நீங்கள் வரவே வேண்டாம், ஸர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்கட்டும். மாதம் பிறந்தால் பணம் வீடு தேடி வரும்" என்கிறார்கள். உத்தியோகம் கிடைக்காத பிள்ளைக்கு இது தேனாக இனிக்கிறது. பெற்றோரும் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வைத்தியரின் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற பார்மஸிஸ்ட் தம் கையாலோ, தமது நேரடி மேற்பார்வையிலோதான் கொடுக்க வேண்டும் என்பது 1945-ஆம் வருஷத்து மருந்து விதி. பதிவு பெறாதவர் கொடுப்பது 1948-ஆம் வருஷத்துப் பார்மஸிச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி குற்றம். தாம் வேலை பார்க்காத கடையில் ஸர்டிபிகேட்டை வைப்பது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று 2015-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. விசாரணைக்குப் பின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

பீஹாரிலிருந்து வந்த ஒரு பொதுநல வழக்கில், 2022-ஆம் வருஷம் நவம்பரில், சுப்ரீம் கோர்ட்டும் இதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசிற்று. பதிவு பெற்ற பார்மஸிஸ்ட் இல்லாமல் மருந்து வழங்குவது ஜனங்களின் ஆரோக்கியத்தைப் பாதிக்கும் என்றும், அதைத் தடுப்பது மாகாண அரசாங்கம், பார்மஸி கவுன்ஸில் இரண்டின் கடமை என்றும் நீதிபதிகள் கூறினார்கள்.

ஒத்த பெயருள்ள இரண்டு மாத்திரைகளைக் கடைப் பையன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "நான் கடையிலேயே இல்லையே!" என்று ஸர்டிபிகேட்காரர் சொல்லலாம். ஆனால் அவர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதல்லவா குற்றச்சாட்டு? அந்த வார்த்தை சமாதானமாகாது. ஒப்புதல் வாக்குமூலமாகவே முடியும். வெற்றுப் பக்கங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருந்தாலோ, அதுவும் அவருக்கு எதிரான சாட்சியமே.

ஆகையால், வேலையை விட்டு நீங்கும்போது ஸர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பிலுள்ள பார்மஸிஸ்ட் மாறினால் ஒரு மாதத்துக்குள் முதலாளி லைசென்ஸ் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அவர் அறிவிப்பார் என்று நம்பியிராமல், நீங்களே ஒரு கடிதம் எழுதி, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

மருந்து வாங்கச் செல்லும் இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை: சுவரிலுள்ள ஸர்டிபிகேட்டைப் பாருங்கள். "இந்தப் பெயருக்குரியவர் எங்கே?" என்று தயங்காமல் கேளுங்கள். குழந்தைக்கு வாங்கும் மருந்தல்லவா?