தானே மூடிக்கொள்ளும் கிணறு
(ஆளில்லா இடங்கள் – 7)

ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றும் ஆட்டோகோனர் முன்னால் ஒரு ஷிப்ட் நின்றவருக்கு இந்த வாரச் சமாச்சாரம் பாதி தெரிந்ததுதான். நூலில் தடிப்பு வந்தால் அதிலுள்ள கிளியரர் என்ற கருவி தானே வெட்டிவிடும், யாரையும் கேட்காது. நடுக்கடலில் ஆளே இல்லாமல் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மேடைகளும் அந்தக் குணத்தை நம்பித்தான் நிற்கின்றன.

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தூரத்தில், 1974-ல் சாகர் சாம்ராட் ரிக் துளைத்துக் கண்ட பம்பாய் ஹை வயலில் ஓஎன்ஜிசியின் கிணற்று மேடைகள் பலவற்றில் யாரும் தங்குவதில்லை. நாலு கால், கிணற்றுத் தலைகள், வால்வுகள், சோலார் தகடு, பேட்டரி, ஒரு கன்ட்ரோல் பெட்டி, அவ்வளவுதான். எண்ணெயையும் வாயுவையும் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையெல்லாம் ஆள் இருக்கும் பெரிய மேடையில். நம் காவிரிப் படுகைக் கடலில் 2009-ல் உற்பத்தி தொடங்கிய பிஒய்-1 வயலில் அந்த வேலை கரைக்கே வந்துவிட்டது, பிள்ளைப்பெருமாள்நல்லூரில்.

மேடையிலுள்ள கன்ட்ரோல் பெட்டி அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோவில் அனுப்பும். ஆபரேட்டர் திரையைப் பார்த்து வால்வை மூடலாம். சரி, ரேடியோவே செத்துப்போனால்?

கடல்தரைக்கும் கீழே, கிணற்றுக் குழாய்க்குள் ஒரு மூடி இருக்கிறது. மேலேயிருந்து இறங்கும் சன்னமான குழாயின் எண்ணெய் அழுத்தம்தான் அதைத் திறந்து பிடித்திருக்கிறது. அழுத்தம் போனால் ஸ்பிரிங் மூடிவிடும். கிணற்றுத் தலைகளைச் சுற்றி ஓடும் காற்றுக் குழாயில் சீக்கிரம் உருகும் உலோக அடைப்புகள் உண்டு. தீப்பிடித்தால் அவை உருகி, காற்று வெளியேறி, வால்வுகள் மூடிக்கொள்ளும். இதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே அதுதான்.

ஆளை எடுத்ததற்குச் செலவு மட்டும் காரணமில்லை. 1988-ல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் போனார்கள். 2005 ஜூலை 27 அன்று பம்பாய் ஹையில் சமுத்ர சுரக்‌ஷா கப்பல் மோதி மேடை எரிந்ததில் 22 பேர். 2018-ல் நார்வே இயக்கத் தொடங்கிய, ஆளில்லாத ஓசெபர்க் எச் மேடையில் தங்கும் அறை இல்லை, ஹெலிகாப்டர் தளம் இல்லை, கழிப்பறைகூட இல்லை. வருஷத்துக்கு ஓரிரு தடவை கப்பலில் போய்ப் பராமரித்தால் போதும் என்பது திட்டம்.

நம் மேடைகளுக்கு அந்தச் சொகுசு கிடையாது. துருவைச் சுரண்ட வேண்டும், கேஜ் மாற்ற வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கும் பிள்ளைகளே, இந்த வேலையில் ஏசி அறை பாதி, ஹெலிகாப்டர் பாதி.

இன்னொன்று: மூடுவதற்குத்தான் ஆள் வேண்டாம். பல மேடைகளில் மறுபடி திறக்க, ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, கையால் ரீசெட் செய்தாக வேண்டும். மழைக்காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது ஹெலிகாப்டர் இறங்கும்வரை அந்தக் கிணற்றில் உற்பத்தி பூஜ்யம். அதையும் தூரத்திலிருந்தே செய்துவிடலாமே என்பவர்கள் உண்டு. 2017-ல் சவூதி ஆலை ஒன்றின் பாதுகாப்பு கன்ட்ரோலருக்குள்ளேயே வைரஸ் புகுந்ததை அறிந்தவர்கள் அவ்வளவு அவசரப்பட மாட்டார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.